பழைய படகு மோட்டாருக்குப் பொருத்தமான பிளக்

உழவு இயந்திரம் ஓட்டிப் பழகியவர்களுக்குப் படகு மோட்டார் முதலில் ஒரு புதிராகவே இருக்கும். லான்ட்மாஸ்டர் டீசலில் ஓடுவது. டீசல் இயந்திரத்தில் காற்றை இறுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அதற்குத் தீப்பொறி வேண்டியதில்லை. ஆகவே பிளக்கும் இல்லை. பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் படகு மோட்டார் அப்படியல்ல. அது இரண்டடிப்பு இயந்திரமாயின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி கேட்கும். நிமிடத்துக்கு 5,000 தடவை சுழலும் மோட்டாரில் ஒரு பிளக் ஒரு செக்கனுக்கு எண்பது தடவைக்கு மேல் பொறி விட வேண்டும். அந்தப் பொறி தவறினால் படகு நின்றுவிடும்.

எமது மாவட்டத்தில் வயலை விட்டு எழும்பி வந்த பல குடும்பங்கள் இன்று தண்ணீரையும் நம்பி வாழ்கின்றன. 1990இலும், பின்னர் 2006, 2007இலும் படுவான்கரையிலிருந்தும் வாகரைப் பக்கத்திலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். இடையில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரத்தையே துடைத்துச் சென்றது. அதன் பின்னர் பல அமைப்புகள் படகுகளும் வெளியிணைப்பு மோட்டார்களும் வழங்கின. அவற்றில் எத்தனையோ கைமாறி, விலைப்பட்டு, அடகு வைக்கப்பட்டு, மீட்கப்பட்டுள்ளன. மோட்டார் கைமாறியபோது அதன் கையேடு கூடவே வரவில்லை. எந்தப் பிளக் போடவேண்டும் என்பது அந்தக் கையேட்டிலேதான் இருந்தது.

மண்வெட்டி பிடித்த கைக்கு மோட்டார் விளங்காது என்று யாரும் எண்ண வேண்டாம். விதை நெல்லைத் தெரிந்தெடுக்கத் தெரிந்தவருக்குப் பிளக்கைத் தெரிந்தெடுப்பதும் முடியும். மூன்று காரியங்களை மட்டும் கடைப்பிடித்தால் போதும். கடையில் இருப்பதை அல்ல, மோட்டார் கேட்பதை வாங்குங்கள். பூட்டுவதற்கு முன் இடைவெளியை அளந்து பாருங்கள். கழற்றிய பிளக்கின் முகத்தைப் பார்க்காமல் எறியாதீர்கள்.

ஏன் இவ்வளவு கவனம்?

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. ஆழம் குறைந்த அமைதியான தண்ணீர் என்று சொல்வார்கள். ஆனால் மாரி காலத்தில் வாடைக்காற்று எழும்பும்போது நடு வாவியிலும் அலை கிளம்பும். பாலமீன்மட்டு முகத்துவாரம் வெட்டப்பட்டிருக்கும் காலத்தில் ஆற்று வெள்ளம் கடலுக்குப் பாயும் வேகத்தை அறிந்தவர்கள், அவ்விடத்தில் மோட்டார் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் அறிவார்கள். துடுப்பு வலிக்கும் நேரத்துக்குள் படகு குறுக்கே திரும்பி, முறியும் அலைக்கு விலாவைக் கொடுத்துவிடும்.

மண்முனைத் துறையில் 2014 ஏப்ரலில் பாலம் திறக்கப்படும்வரை எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் அவ்விடத்தில் பாதையே துணையாக இருந்தது. பாலம் இல்லாத துறைகளில் நெல்லையும் உரத்தையும் நோயாளியையும் பள்ளிப்பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் தோணிக்கு நம்பகமான மோட்டார் வேண்டும்.

பணத்தின் கணக்கும் உண்டு. மோட்டாரின் உதிரிப்பாகங்களில் மிக மலிவானவற்றில் பிளக்கும் ஒன்று. ஆனால் பொருத்தமில்லாத பிளக் மோட்டாரின் பிஸ்டனில் ஓட்டை விழச் செய்துவிடும். பிஸ்டனும் சிலிண்டரும் பழுதானால், காது நகையை அடகு வைத்து வாங்கிய மோட்டாருக்காகக் கழுத்து நகையையும் அடகு வைக்க நேரிடும்.

பிளக்கின் பெயரை வாசிப்போம்

கடைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது:

"மகன், பதினைஞ்சு குதிரை மோட்டாருக்கு ஒரு பிளக் தா."

"என்ன நம்பர் ஐயா?"

"நம்பர் தெரியாது மகன். நல்லதாப் பார்த்துத் தா."

"நல்ல பிளக்" என்று ஒன்று தனியாக இல்லை. உங்கள் மோட்டாருக்குப் பொருத்தமான பிளக்தான் இருக்கிறது. நெல் வாங்கும்போது "நல்ல விதை" என்று மட்டும் கேட்போமா? தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்று பார்த்து, பீ.ஜீ. 300 என்றால் மூன்று மாதம், பீ.ஜீ. 358 என்றால் மூன்றரை மாதம், பீ.ஜீ. 400-1 என்றால் நான்கு மாதம் என்று பெயரிலிருந்தே கண்டுகொள்வோம். பிளக்கின் பெயரும் அப்படித்தான். அதில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் ஒரு செய்தி சொல்கிறது.

எமது பகுதியில் அதிகம் காணப்படுவது என்.ஜி.கே. என்ற ஜப்பானியப் பிளக். யமஹாவின் 9.9, 15 குதிரைவலு இரண்டடிப்பு மோட்டார்கள் பலவற்றுக்குரிய பிளக்கின் பெயர் பி7எச்எஸ்-10. வெள்ளைப் பீங்கானில் இது ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பிரித்துப் பார்ப்போம்.

முதல் எழுத்து பி. 'போட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து இது. புரியின் தடிப்பு 14 மில்லிமீற்றர் என்று பொருள்.

அடுத்து வரும் 7 சூட்டு எண். பிளக் தன் சூட்டை எவ்வளவு விரைவாக வெளியே விடும் என்பதைக் காட்டுவது.

எச் என்பது புரியின் நீளம் 12.7 மில்லிமீற்றர், அதாவது அரை அங்குலம் என்பதைக் காட்டுகிறது. இந்த இடத்தில் ஈ என்ற எழுத்து இருந்தால் புரியின் நீளம் 19 மில்லிமீற்றர்.

எஸ் என்பது செப்பு நடுக்கம்பி உள்ள சாதாரண வகையைக் குறிக்கும்.

கடைசியில் வரும் 10 இடைவெளி 1.0 மில்லிமீற்றர் என்பதைச் சொல்கிறது.

முதல் எழுத்துக்குப் பின் ஆர் இருந்தால், வானொலி இரைச்சலையும் மின்னணுப் பாகங்களுக்கு வரும் இடையூறையும் குறைக்கும் தடை உள்ளே இருக்கிறது என்று பொருள். உங்கள் மோட்டாருக்கு ஆர் உள்ள பிளக் சொல்லப்பட்டிருந்தால் அதையே போடுங்கள். 'பெற்றோல்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து இரண்டாவதாக வந்தால், பிளக்கின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை அது.

உங்கள் மோட்டாருக்குரிய பெயர் எது? மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட தாளிலோ, கையேட்டிலோ, முகவரின் பட்டியலிலோ அது இருக்கும். குதிரைவலுவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே 15 குதிரைவலுவில் பெற்றோல் மோட்டாரும் உண்டு, மண்ணெண்ணெய் மோட்டாரும் உண்டு. இரண்டுக்கும் பிளக் வேறாகலாம். மோட்டாரின் தாங்கியில் அடித்திருக்கும் மாதிரி இலக்கத்தைக் கொப்பியில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவதே நல்லது. பழைய பிளக்கை மாதிரிக்குக் கொண்டு போவது போதாது. முன்னைய சொந்தக்காரர் பிழையான பிளக்கைப் போட்டிருந்தால் நீங்களும் அதே பிழையையே விலைக்கு வாங்குவீர்கள்.

நீர்ப்பம்பியின் பிளக்கைப் போடாதீர்கள்

வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட வீடுகளில் நீர்ப்பம்பி ஒன்று இருக்கும். ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 போன்ற பம்பிகளில் வருவது பிபிஆர்6ஈஎஸ் என்ற பிளக். அதன் புரித் தடிப்பும் 14 மில்லிமீற்றர்தான். ஆகவே படகு மோட்டாரின் துளையிலும் அது எவ்வித எதிர்ப்புமின்றிச் சுழன்று இறங்கும். இதிலேதான் ஆபத்து இருக்கிறது.

அந்தப் பிளக்கில் ஈ இருப்பதைக் கவனியுங்கள். அதன் புரி 19 மில்லிமீற்றர். 12.7 மில்லிமீற்றருக்கு வெட்டப்பட்ட தலையில் அதைப் பூட்டினால் 6 மில்லிமீற்றருக்கு மேல் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மூக்கும் நீண்ட வகை. மேலே வரும் பிஸ்டன் அதில் மோதும். மோதாவிட்டாலும் உள்ளே நீண்ட புரி பழுக்கக் காய்ந்து, அதில் கரி பிடித்து, கழற்றும்போது தலையின் புரியையே பிய்த்துக்கொண்டு வரும்.

மறுபக்கத்தில், 19 மில்லிமீற்றர் தலைக்குக் குட்டைப் பிளக்கைப் பூட்டினால் பொறி குழிக்குள் ஒளிந்துகொள்ளும். கலவை சரியாக எரியாது. காலியாக இருக்கும் புரியில் கரி கட்டும். பிறகு சரியான பிளக்கைக் கொண்டுவந்தாலும் அது இறங்காது.

வாங்குமுன் பழைய பிளக்கையும் புதிய பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் புரியின் நீளத்தைப் பாருங்கள். சோதனைகளில் இதுவே முதலாவது.

சூட்டு எண் சொல்வது என்ன?

பிளக்கின் நுனி அளவான சூட்டில் இருக்க வேண்டும். ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் அதில் படியும் கரி எரிந்து போகாது; கரி கட்டிப் பொறி ஒழுகிவிடும். ஏறத்தாழ 850 பாகைக்கு மேலே போனால் நுனியே நெருப்புக் கொள்ளியாகி, பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இதனால்தான்.

சூட்டை விரைவாக வெளியே விடுவதைக் 'குளிர்ந்த பிளக்' என்றும், மெதுவாக விடுவதைச் 'சூடான பிளக்' என்றும் சொல்வார்கள். என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்தது. 8 என்பது 7ஐவிடக் குளிர்ந்தது; 6 சூடானது. சாம்பியன், பொஷ் ஆகிய பிளக்குகளில் இது தலைகீழ்: எண் கூடினால் சூடானது. இதை அறியாமல் "ஒரு எண் கூட்டிப் போடுவோம்" என்று போட்டால் நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறானதைப் போட்டுவிடுவீர்கள்.

என்.ஜி.கே. பி7எச்எஸ் கிடைக்காதபோது அதற்கு ஈடாகச் சொல்லப்படுவது டென்சோவில் டபிள்யூ22எப்எஸ், சாம்பியனில் எல்82சி. மற்றக் கம்பனிகளுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது. கடைக்காரரிடம் அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கரி பிடிக்கிறது என்பதற்காகச் சூடான பிளக்குக்கு மாறுவது பலரின் வழக்கம். கரி பிடிப்பதற்குப் பிளக் காரணமாக இல்லாமல் ஒயில் கூடியது, சோக் இழுத்தபடி ஓடியது, காபரேற்றர் அழுக்கு ஆகியவை காரணமாக இருக்கலாம். காரணத்தைத் தீர்க்காமல் சூடான பிளக்கைப் போட்டால் கரி போகும். ஒருநாள் பிஸ்டனும் போகும். கையேடு சொல்லும் எண்ணிலிருந்து விலகாதீர்கள்.

போலிப் பிளக்குகளும் சந்தையில் உண்டு. எழுத்து மங்கலாக அச்சாகியிருந்தாலோ, நடுக்கம்பி ஒரு பக்கம் சரிந்திருந்தாலோ, வாஷர் தானாகவே கழன்று விழுந்தாலோ அதை வாங்காதீர்கள்.

இடைவெளி பார்ப்பது எப்படி?

நடுவில் உள்ள கம்பிக்கும் அதற்கு மேல் வளைந்து நிற்கும் கொம்புக்கும் இடையே பொறி பாய்கிறது. அந்த வெளி குறுகினால் பொறி சிறுத்துவிடும். மெதுவாக ஓடும்போது மோட்டார் இருமும். ஒரு துளி கரியே இடையில் பாலம் போட்டு மோட்டாரை நிறுத்திவிடும். வெளி கூடினால் காலையில் இயந்திரம் பற்றாது, பாரம் ஏற்றிக் கைபிடியைத் திருகும்போது பொறி தவறும், கொயிலுக்கும் கேடு. பாவிக்கப் பாவிக்கக் கம்பி தேய்வதால் இடைவெளி தானாகவே கூடிவரும். ஆகையால் ஒருமுறை பார்த்தது என்றென்றைக்கும் போதாது.

அளவு எவ்வளவு? பி7எச்எஸ்-10 பாவிக்கும் யமஹா மோட்டார்களுக்கு 0.9 முதல் 1.0 மில்லிமீற்றர். சக்கரத்துக்கு அடியில் பொயின்ற் உள்ள மிகப் பழைய மோட்டார்களுக்குப் பொதுவாக 0.5 முதல் 0.7 வரை. உங்கள் மோட்டாருக்குரிய சரியான அளவைக் கையேட்டிலோ அனுபவமுள்ள திருத்துனரிடமோ உறுதி செய்யுங்கள். நடுக்கம்பியைச் சுற்றி வளையமாக முகம் கொண்டு, வளைந்த கொம்பே இல்லாத பிளக்குகளும் சில பழைய மேர்க்குரி மோட்டார்களில் உண்டு. அவற்றுக்கு இடைவெளி வைக்க முடியாது. தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கட்டு உண்டு. மோட்டார் உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும். மீனவர் சங்கமோ மாதர் சங்கமோ ஒன்றை வாங்கி வைத்தால் ஊருக்கே போதும். அது கிடைக்கும்வரை கையில் உள்ள சில பொருட்கள் உதவும். இரும்பு அறுக்கும் கைவாளின் தகடு பெரும்பாலும் 0.6 மில்லிமீற்றரைச் சற்றே தாண்டும் தடிப்புடையது. அதன் பல்லில்லாத முதுகுப் பக்கத்தால் அளக்க வேண்டும். வங்கி அட்டையின் தடிப்பும், கைத்தொலைபேசி சிம் பொருத்தி வரும் பிளாஸ்ரிக் அட்டையின் தடிப்பும் 0.76 மில்லிமீற்றர். சிம்மைக் கழற்றிய பின் எறியும் அந்த அட்டையின் ஒரு மூலையை வெட்டி வைத்துக்கொள்ளலாம். 1.0 வேண்டிய பிளக்கில் இந்த மூலை தாராளமாக ஆட வேண்டும். இறுக்கமாகப் போனால் இடைவெளி குறைந்துவிட்டது என்று அறியுங்கள்.

செய்முறை இதுதான்:

1. பிளக்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கம்பியின் விளிம்பு கூராக இருக்கிறதா, உருண்டுவிட்டதா என்று பாருங்கள். உருண்டிருந்தால் இடைவெளி வைத்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

2. வேண்டிய தகட்டை நேராக நுழையுங்கள். இலேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். 0.9 இலகுவாகப் போய், 1.1 போகாமல் நின்றால் 1.0 சரியாக இருக்கிறது.

3. இடைவெளி கூடியிருந்தால் வளைந்த கொம்பைப் பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். குறைந்திருந்தால் சிறு குறட்டால் கொம்பை மட்டும் பிடித்து மேலே வளையுங்கள். நடுக்கம்பியில் ஊன்றி நெம்பாதீர்கள். உள்ளே பீங்கான் வெடித்துவிடும். அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

4. மீண்டும் அளந்து பாருங்கள்.

புதிய பிளக்கையும் அளக்க வேண்டும். பெட்டியோடு கீழே விழுந்திருந்தால் கொம்பு அமுங்கியிருக்கும். பெயரின் முடிவில் 10 இல்லாத பி7எச்எஸ் மட்டுமே கிடைத்தால், அவசரத்துக்கு அதன் கொம்பை மெதுவாக விரித்துப் பாவிக்கலாம். ஆனால் அதிகம் வளைத்தால் கொம்பு சரிந்து நிற்கும். சரியானதைத் தேடி வாங்குவதே மேல்.

கரி பிடித்த பிளக்கைப் பெற்றோலில் நனைத்த மென்மையான பித்தளைத் தூரிகையால் துடைத்துக் காய விடலாம். உப்புத்தாளால் தேய்த்தால் மணல் உள்ளே தங்கிச் சிலிண்டருக்குள் விழும். இரும்புத் தூரிகை பீங்கானில் இரும்புக் கோடுகளை விடும். அந்தக் கோட்டு வழியே பொறி ஒழுகும். பிளக்கில் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஃபைபர் படகும் பெற்றோல் தாங்கியும் நெருப்பும் ஓரிடத்தில் இருக்கக் கூடாது.

கழற்றுதலும் பூட்டுதலும்

மோட்டார் ஆறிய பின்பே பிளக்கைக் கழற்றுங்கள். அலுமினியத் தலை சூடாக இருக்கும்போது திருகினால் புரி பிய்ந்துவிடும். கழற்றுமுன் பிளக்கைச் சுற்றியுள்ள மணலையும் உப்பையும் ஊதித் துடையுங்கள். இரண்டு சிலிண்டர் மோட்டாராயின் மேற்பிளக் எது, கீழ்ப்பிளக் எது என்று குறித்து வையுங்கள்.

பூட்டும்போது முதலில் ஸ்பானர் வேண்டாம். விரலாலேயே கடைசிவரை திருகுங்கள். பாதியில் இறுகினால் புரி குறுக்கே ஏறுகிறது என்று பொருள். கழற்றி மீண்டும் தொடங்குங்கள். விரலால் முடிந்த பிறகு, புதிய பிளக்காயின் ஸ்பானரால் அரைச் சுற்று இறுக்கினால் போதும். வாஷர் நசுங்கிப் படிந்துவிடும். ஏற்கெனவே பாவித்த பிளக்காயின் மணிக்கூட்டு முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு போதும். பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல.

தொப்பியை அழுத்தும்போது 'டிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். உள்ளே பச்சையாகப் பூத்திருந்தால் அது உப்பின் வேலை. அதைச் சுரண்டித் துடைத்துவிடுங்கள். இரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள்.

பிளக்கின் முகத்தைப் பாருங்கள்

நெல்லின் இலையைப் பார்த்து உரம் போதவில்லையா, நோயா என்று அறிவது போல, பிளக்கின் முகத்தைப் பார்த்து மோட்டாரின் உள்ளே நடப்பதை அறியலாம். வழக்கமான வேகத்தில் சிறிது தூரம் ஓடி, வேகத்தைக் குறைத்துக் கொண்டிராமல் உடனே நிறுத்தி, ஆறவிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம்: எல்லாம் சரி. அப்படியே விடுங்கள்.

உலர்ந்த கருங்கரி: எரிபொருள் கூடுகிறது, அல்லது சோக் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது நெடுநேரம் மெதுவாக ஓடியிருக்கிறது.

ஈரமான கறுப்பு ஒயில்: ஒயில் கூடிவிட்டது, அல்லது பொறி பலவீனமாக இருக்கிறது.

வெள்ளை வெளேரென்ற பீங்கான், கொப்புளங்கள், மினுங்கும் பொட்டுகள்: ஆபத்து. மினுங்குவது உருகிய பிஸ்டனின் அலுமினியம். இனி ஒரு தடவைகூட ஓட்டாதீர்கள். ஒயில் குறைந்ததா, காபரேற்றரில் அடைப்பா, பிழையான சூட்டு எண்ணா, குளிர்ச்சித் தண்ணீர் போகவில்லையா என்று திருத்துனரிடம் காட்டுங்கள்.

தண்ணீர்த் துளி அல்லது துரு: எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கலாம்; அல்லது தலைக்குரிய கஸ்கட் ஒழுகலாம்.

வாவியில் சேறும் ஆற்றுவாழையும் மோட்டாரின் தண்ணீர் எடுக்கும் துளையை அடைப்பது வழக்கம். மோட்டாரின் பின்புறச் சிறு துளையால் தண்ணீர் பீச்சுகிறதா என்பதைப் புறப்பட்டவுடன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணெண்ணெயும் ஒயிலும்

மண்ணெண்ணெயில் ஓட வடிவமைக்கப்பட்ட மோட்டாரைப் பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரையை அடையுமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓடி நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் பிளக்கை நனைத்துக் கரியாக்கும். மறுநாள் காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் நோகும். பெற்றோலுக்கென்றே செய்யப்பட்ட மோட்டாரில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது தட்டும்; சூடேறும்; ஆயுள் குறையும்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவாக உயர்ந்தது. விலை ஏறும்போது ஒயிலைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தத் தோன்றும். இரண்டடிப்பு மோட்டாருக்கு எரிபொருளோடு கலக்கும் ஒயிலே இரத்தம். 50க்கு 1 என்றால் 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர். 25க்கு 1 என்றால் 400 மில்லிலீற்றர். எந்த விகிதம் என்று மோட்டார் சொல்கிறதோ அதையே அளந்து ஊற்றுங்கள். கண்மதிப்பு வேண்டாம்.

மோட்டார் நின்றால்

முதலில் அவசர நிறுத்தக் கயிற்றின் கொளுவி இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் எத்தனை பிளக் மாற்றினாலும் பொறி வராது. அடுத்து தாங்கி மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா, எரிபொருள் வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பிளக்கைத் தொடுங்கள்.

பொறியைச் சோதிக்க, பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோக உடலை இயந்திரத்தின் உலோகத்தில் இறுக்கமாக முட்ட வைத்து, கியரை நடுநிலையில் விட்டுக் கயிற்றை இழுங்கள். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், பாயும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ற்றைத் தாண்டும். பிளக் துளையைத் துணியால் மூடி, எரிபொருள் தாங்கியைத் தள்ளி வையுங்கள். நீல நிறமான, சத்தமுள்ள பொறி நல்லது. மஞ்சளாக மெலிந்திருந்தால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் பழுது கொயிலிலோ வேறெங்கோ இருக்கிறது.

ஒவ்வொரு படகிலும் வாய் இறுகிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் இவை இருக்கட்டும்: இடைவெளி பார்த்து வைத்த புதிய பிளக் இரண்டு, பிளக் ஸ்பானர், சிறு குறடு, உலர்ந்த துணி, அளவு பார்க்கும் தகடு அல்லது வெட்டிய சிம் அட்டை. படகில் துடுப்பும் நங்கூரமும் உயிர்காப்பு அங்கியும் எப்போதும் இருக்க வேண்டும். வாவியில் எங்கெங்கே மோட்டார் ஓட்டலாம் என்பதை மீனவர் சங்கத்திடமும் கடற்றொழில் திணைக்கள அலுவலரிடமும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இந்த அறிவு வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதாது. ஆண்துணையற்ற குடும்பங்கள் எம்மிடையே பல. தோணியைக் கூலிக்கு விட்டுப் பிழைக்கும் தாய்மாருக்கு, "பிளக் போய்விட்டது, கொயில் போய்விட்டது" என்று சொல்லப்படும் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்திருப்பது பெரும் பலம். பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு பழைய பிளக்கைக் கையில் கொடுத்துப் பெயரை வாசிக்கவும் இடைவெளியை அளக்கவும் பழக்குங்கள்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். மோட்டாரின் மூடியைக் கழற்றி, அதற்குரிய பிளக்கின் பெயரையும் இடைவெளியின் அளவையும் மூடியின் உட்புறத்தில் பெயின்றால் எழுதி வையுங்கள். மோட்டார் இன்னும் எத்தனை கை மாறினாலும் அந்த எழுத்து அதோடு கூடவே போகும்.